கோதண்டம் உள்ளே வந்துள்ளார்

கிளவுடு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, கஸ்டமர் சொல்லும் ரகசியத்தை எந்தக் காதில் வாங்கி எங்கே வைப்பது என்பதைத்தான். கம்ப்யூட்டரை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனாலும் பாகூர் கடைத்தெருவில் ஒரு மாடியில் எங்கள் பெயர்ப்பலகை தொங்குகிறது. கம்ப்யூட்டரைப் பார்ப்பவள் என் மருமகள் கவிதா. மெட்ராஸில் கம்பெனி வேலையில் இருந்தவள், பிரசவத்துக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. ஆட்களைப் பார்ப்பது நான். கடைக் கணக்கோ, கேமரா படமோ, வயலில் மோட்டார் போடுகிற பெட்டியோ, எதுவானாலும் கிளவுடில், அதாவது இன்டர்நெட்டில் எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரில், ஏற்றிக் கொடுத்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. உங்களில் யாராவது இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவராக இருந்தால் நான் சொல்லப்போவதை நம்புவீர்கள். மற்றவர்கள் உங்கள் இஷ்டம்.

பந்தியில் பிடித்த ஆள்

தொழில் ஆரம்பித்த புதிதில், நெட்வொர்க்கிங் பண்ண வேண்டும் அத்தை என்று கவிதா ஒற்றைக்காலில் நின்றாள். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் தொழில் செய்கிறவர்கள் கூடி ஆளுக்கொரு கார்டு மாற்றிக்கொள்வார்களாம். இரண்டு தடவை போய் வந்தாள். பை நிறைய கார்டு இருந்தது, கஸ்டமர் ஒருத்தர்கூட இல்லை. நான் பாட்டுக்கு மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கருமாதி என்று ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்த மனுஷன் மோர் வருகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. எனக்கு அந்த நேரம் போதும்.

அபிஷேகப்பாக்கம் கோதண்டத்தை அப்படித்தான் கிருமாம்பாக்கத்தில் ஒரு மஞ்சள் நீராட்டில் பிடித்தேன். ஒன்றரை காணி நெல், போர் மோட்டார். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று காத்துக் கிடந்து வயல்கொல்லைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று புலம்பினார். ஒரு பெட்டி வைத்தால் இருந்த இடத்திலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம், அதெல்லாம் கிளவுடில் நடக்கும் என்று விளக்கினேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டவர், பந்தி முழுக்கக் காதில் விழுகிற மாதிரி சொன்னார்: "தண்ணி பூமிக்கடியில கீது, சுவிட்சு மேகத்துல கீது. அப்ப நடுவுல நான் எதுக்குக்கா?"

ஊர்ச் சாவியெல்லாம் ஒரே ஆணியில்

எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒரு போன் நம்பர் ஒரு வருஷம் தங்காது. எந்த கம்பெனி சிம் மலிவோ அதற்கு மாறிவிடுவார்கள். கணக்கைத் திறக்க ஆறு எண் வருமே, அது பழைய நம்பருக்குப் போய் காணாமல் போகும். பாஸ்வேர்டைக் கேட்டால் அதுவும் மறந்துபோயிருக்கும். அதனால் எல்லாருடைய கணக்கிலும் என் நம்பரையே போட்டுவிட்டோம். என் நம்பர் பல வருஷமாக மாறாதது. விடிந்ததும் ஆரம்பித்துவிடும். அக்கா எண் சொல்லு, பெரியம்மா எண் சொல்லு என்று. நான் குழம்பைக் கிளறிக்கொண்டே படித்துச் சொல்வேன்.

ஒருநாள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதன்பிறகு கவிதா ஒரு வழி பண்ணினாள். என் போனுக்கு வருகிற எண்களும் தகவல்களும் தானாகவே எங்கள் கஸ்டமர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிற மாதிரி செய்துவிட்டாள். அவரவர் எண்ணை அவரவர் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது. படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் பெரிய சாமர்த்தியசாலிகள். கவிதாவே சொன்னாள்: "இனிமே நீங்க நிம்மதியா சமைக்கலாம் அத்தை, கதவு அதும்பாட்டுக்குத் திறக்கும்."

ஜவுளிக்கடையில் யாரோ

வில்லியனூரில் நூர் பாயின் ஜவுளிக்கடைக்கு ஒரு கேமரா வைத்தோம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் படத்தில் அந்த ஆளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு போனுக்கு அனுப்பும். வெள்ளிக்கிழமை தோறும் பாய் ஷட்டரை இழுத்துவிட்டுத் தொழுகைக்குப் போன பத்தாவது நிமிஷம் தகவல் வர ஆரம்பித்தது: உள்ளே ஆள். பாய் அரக்கப்பரக்க ஓடிவந்து திறந்தால் யாருமில்லை. சேலை கட்டி நிறுத்திய பொம்மைகள்தான் காரணமாக இருக்கும் என்று கவிதா சொன்னாள். அவற்றை ஓரமாகத் திருப்பி வைத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பச்சைக் கட்டம் பொம்மை மேல் இல்லை. இரண்டு பொம்மைகளுக்கு நடுவே, வெறும் தரைமேல், ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து கல்லாப் பக்கம் நகர்ந்தது. கேமராவை மாற்றித் தருகிறோம் பாய் என்று கவிதா எழுந்தாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வேணாம்மா. நான் தொழப் போற நேரத்துல யாரோ ஒருத்தர் கடையப் பாத்துக்குறாங்க, இருந்துட்டுப் போவட்டும்."

பதினெட்டாம் நாள்

கோதண்டம் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கருமாதிக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகள் இல்லை. சம்சாரம் அஞ்சலைக்கு அந்த ஒன்றரை காணிதான் இனி எல்லாம். பயிர் பொதி கட்டுகிற நேரம். மழை ஈரத்தில் இதுவரை தாங்கிவிட்டது, இனி ஒரு வாரம் தண்ணீர் நின்றால் நெல் பதராகிவிடும். அஞ்சலை வைத்திருப்பதோ பட்டன் போன், அதில் மோட்டார் போட முடியாது. கருமாதிச் சந்தடி அடங்கட்டும், நாமே போய் பழைய சுவிட்சை மாட்டிக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அவர் செத்த பதினெட்டாம் நாள், நல்ல உச்சி வெயிலில், என் போனுக்கு ஆறு எண் வந்தது. கோதண்டத்தின் கணக்கு. எண்ணைக் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. இரண்டு நிமிஷத்தில் அடுத்த தகவல்: கோதண்டம் உள்ளே வந்துள்ளார். அதற்கடுத்தது: கோதண்டம் மோட்டாரை இயக்கினார். குழுவில் இருந்த எல்லாருமே அதைப் பார்த்தார்கள். மறுநாளும் அதே நேரம், அதே மூன்று வரி. அவருடைய போன் எங்கே என்று கேட்டதற்கு, அணைத்து பீரோவில் வைத்திருப்பதாக அஞ்சலை சொன்னாள். நான்காம் நாள் மணப்பட்டில் இருந்து ஒரு விவசாயி என்னைக் கூப்பிட்டார்: "யக்கா, எங்கொல்லையில கீற பெட்டிய வந்து கழட்டிக்கினு போயிடு. எனக்கு நடந்து போயே மோட்டாரு போட்டு பழக்கம்."

பொறுப்பு

கவிதாவும் நானும் அபிஷேகப்பாக்கத்துக்குப் போனோம். வெயில் வயலில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. உரம் போட வர வேண்டிய பெண்கள் கொல்லைக்குள் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அறுப்பு மெஷின் பேசிவிடுகிற தரகரும், செத்தவன் தண்ணி பாய்ச்சுகிற நெல்லை அறுக்க எந்த டிரைவர் வருவான் என்று கேட்டிருக்கிறார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்துவிடு என்று அஞ்சலையின் அண்ணன் நச்சரிக்கிறார். அஞ்சலை இதையெல்லாம் யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

மோட்டார் கொட்டகை பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பிறகு மோட்டாரின் முனகல். குழாய் வாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தட்டுமா என்று அஞ்சலையிடம் கேட்டேன். நிறுத்திவிட்டுப் பழைய சுவிட்சை மாட்டினால், கரண்டு வருகிற நேரத்துக்கெல்லாம் ஓடிவர அவளால் ஆகாது, பயிர் போகும்; நிறுத்தாவிட்டால் அறுக்க ஆள் வராது. அவள் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "இருக்கற வரைக்கும் ஒருநாளாவது நேரத்துக்குத் தண்ணி வுட்டிருப்பாரா அந்த மனுசன். செத்தப்பறந்தான் பொறுப்பு வந்துருக்குது, ஓடட்டும் வுடு."

சோரியாங்குப்பம்

ஆபீசுக்கு வந்ததும் கவிதா கோதண்டத்தின் கணக்குக்குள் போய்த் துருவினாள். யார், எப்போது, எந்த ஊரிலிருந்து நுழைந்தார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறதாம். ஒவ்வொரு நாளும் இடம் என்ற கட்டத்தில் ஒரே ஊர்தான்: சோரியாங்குப்பம். பாஸ்வேர்டை இரண்டு தரம் தப்பாகப் போட்டு மூன்றாவதில் நுழைந்திருக்கிறது. எனக்குப் பொட்டில் அடித்தது போல விளங்கியது. கோதண்டத்தின் தம்பி ஏழுமலை மாமியார் வீட்டோடு போய்க் குடியிருப்பது அங்கேதான். வரப்புத் தகராறில் போலீஸ் வரை போய், அண்ணன் தம்பிக்குள் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அண்ணனுக்கு வாய்க்கரிசி போடக்கூட வரவில்லை. அவரும் எங்கள் கஸ்டமர். ஊர்ச் சாவி தொங்குகிற குழுவில் அவரும் இருக்கிறார்.

பஸ் பிடித்துப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். ஒன்றையும் மறுக்கவில்லை. குழுவில் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொண்டாராம். பாஸ்வேர்டு அவர்கள் அம்மா பெயராகத்தான் இருக்கும் என்று ஊகித்தாராம், ஆனால் அதை இங்கிலீஷில் அடிக்கத் தினமும் இரண்டு தரம் தப்பு வருமாம். அண்ணி தெரிந்துகொண்டால் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிடுவாள், அவன் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் என் பயிருக்கு வேண்டாம் என்பாள், அறுப்பு வரைக்கும் வாய் திறக்காதே என்று என்னிடம் கெஞ்சினார். நான் யோசித்தேன். எண்களைப் பொதுவில் தொங்கவிடுவதை அன்றைக்கே நிறுத்த வேண்டும், அது எங்கள் தப்பு. நிறுத்தினால் இவர் நுழைய முடியாது. கடைசியில், தினமும் உச்சி வேளையில் எனக்கோ கவிதாவுக்கோ போன் பண்ணு, எண் இனி எங்கள் இரண்டு பேர் போனுக்கு மட்டும்தான் வரும், பார்த்துச் சொல்கிறோம் என்றேன். ஊருக்கு, மோட்டாரில் டைமர் வைத்திருக்கிறோம், செத்தவர் பெயரை மாற்ற மறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்பும்போது வாளியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணங்கிட்ட பேசாம இருந்தது நானு. பயிர் இன்னாக்கா பண்ணுச்சு?"

டைமருக்கு ஒரு மூட்டை

டைமர் என்றதும் ஊரார் சமாதானமானார்கள். தங்களுக்கும் ஒன்று வைத்துத் தரச் சொல்லி நாலு பேர் வந்தார்கள். பெட்டியைக் கழற்றச் சொன்ன மணப்பட்டுக்காரரும் அதில் ஒருத்தர். உரம் போடப் பெண்கள் வந்தார்கள். அறுப்பு மெஷினும் வந்தது. அஞ்சலையின் நெல் நல்ல மணியாகக் கண்டது. நிலத்தை விற்கிற பேச்சை அவள் அண்ணனும் விட்டுவிட்டார்.

அறுப்பு முடிந்த மறுநாள் அஞ்சலை ஒரு ஆட்டோவில் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஒரு மூட்டைப் புது நெல்லை மாடிப்படிக்கு அடியில் இறக்கினாள். எங்களுக்கு எதற்கு என்று மறுத்தேன். உங்களுக்கு யார் கொடுத்தது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "அந்த டைமரு சோரியாங்குப்பத்துலதான கீது? இந்த நெல்லப் பொங்கித் துன்னச் சொல்லு."

மூன்று நாள்

மூட்டையை ஏழுமலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், முழு மூட்டை எனக்கு நியாயமில்லை அக்கா, நடுவில் மூன்று நாள் நான் தண்ணீர் விடவில்லை என்றார். கல்லடைப்பு வந்து கடலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், போன் அணைந்து கிடந்ததாம். பயிர் என்ன ஆகுமோ என்று அங்கே படுத்துக்கொண்டு தவித்திருக்கிறார். நான் கவிதாவைப் பார்த்தேன். அந்த மூன்று நாளும் மோட்டார் ஓடியது, உச்சி வேளைக்குத் தகவல் வந்தது. நான் வில்லியனூரில் ஒரு கல்யாண வீட்டிலேயே தங்கியிருந்ததால் கவிதா எண்ணைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஆபீசுக்குத் திரும்பி அந்தப் பட்டியலைத் திறந்தோம். மற்ற நாட்களில் எல்லாம் சோரியாங்குப்பம், இரண்டு தப்பு, பிறகு ஆறு எண். அந்த மூன்று நாளில் தப்பே இல்லை. பாஸ்வேர்டு முதல் தரத்திலேயே சரி. எண் கேட்கவே இல்லை. பாஸ்வேர்டைத் தப்பில்லாமல் போட்டால், தெரிந்த ஆள் என்று கேட்காதாம். இடம் என்ற கட்டம் மூன்று நாளுக்கும் வெறுமையாக இருந்தது. அஞ்சலைக்கு போன் போட்டு பீரோவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். போன் மடித்த வேட்டிக்குள் வைத்தது வைத்தபடி, அணைந்தேதான் இருந்தது. கவிதா கம்ப்யூட்டரை மெதுவாக மூடினாள். "அத்தை, அந்தக் கணக்க நாம மூட வேணாம்."

இத்தனை வருஷத் தொழிலில் பாஸ்வேர்டை ஒருமுறைகூட மறக்காத கஸ்டமர் என்று எனக்கு வாய்த்தவர் அந்த ஒருத்தர்தான்.