மலைப்பாம்பைக் கையில் வாங்கியவர்

மூணாறு பக்கம், வெளிநாட்டு விலங்குகளைத் தொட்டுப் பார்க்கவிடும் பூங்கா ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்தித்தேன். சின்னக்கானல் எஸ்டேட்டில் கொழுந்தெடுப்பவர், விரல்நுனியெல்லாம் கறை. சிமென்ட் தரையிலும் குடையால் இருமுறை தட்டிவிட்டுத்தான் அடியெடுத்து வைத்தார். பஞ்சவர்ணக்கிளியைத் திரும்பியும் பாராமல் நேரே மலைப்பாம்பிடம் போனார். போன வாரம் தேயிலைச் செடிக்குள் ஒரு பாம்பைப் பார்த்ததிலிருந்து அவரால் வேலைக்குப் போக முடியவில்லையாம்.

“இது கடிக்காதுக்கா,” என்றார் பராமரிப்பவர்.

“எனக்குத் தெரியுது தம்பி, இந்தக் கைக்குத்தான் தெரியல. குடுங்க, நாளைக்கு வேலைக்கு இறங்கணும்.”

இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணை மூடவில்லை. பாம்பு தோளில் ஏறியதும், “ஏய், மெதுவா!” என்று அதட்டினார்.

கண்ணால் காணாததை நான் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. மறுநாள் மட்டும், போய்ப் பார்க்காமலே, ‘திங்கள், காலை எட்டு மணி: அவர் கொழுந்தெடுக்கிறார்’ என்று எழுதினேன்.