டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு

தோசை ஆறிப்போனாலும் ஜெபா டீச்சர் கையை வைக்கமாட்டார். கழுத்தை நீட்டி என் சமையற்கட்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே வரிசையாய் ஆர்டர் சீட்டுகள். மாஸ்டர் திருவேங்கடம் எந்தச் சீட்டை முதலில் எடுக்கிறான், எதைக் கிழித்துப் போடுகிறான் என்று நோட்டில் குறிப்பார். சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்து, முதல் வாரம் சட்னிச் சட்டியை இரண்டு முறை கழுவவைத்தேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தட்டு கழுவி மேலே வந்து, முகப்பேரில் மூன்று மாடி எழுப்பி, கீழே ஓட்டல் நடத்துகிறேன். எம்.எஸ்ஸி. படித்தவர்கூட என் சாம்பாருக்கு வரிசையில் நிற்பார். மாடியில் ரவிச்சந்திரனின் டியூஷன் சென்டர். அங்கேதான் டீச்சர் உயிரியல் எடுக்கிறார்.

டீச்சருக்கு ஊர் நாகர்கோவில். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, ‘என் பேனாவக் கண்டீளா அண்ணாச்சி?’ என்று மேசை மேசையாகத் தேடுவார்.

ஒருநாள் சொன்னார்: ‘நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒங்க ஓட்டல்தான் அண்ணாச்சி. மூலப் புத்தகம் பீரோல பூட்டிக் கெடக்கும். அதுலேருந்து நகலா வாற சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ. அதப் பாத்து புரதம் செய்யுத மாஸ்டர்தான் ரைபோசோம்.’

திருவேங்கடத்துக்குத் தலைகால் புரியவில்லை. ‘மொதலாளி, இனிமே மாஸ்டர்னு கூப்டாத. நான் ரைபோசோம்!’

மாவு குறைந்தால், சீட்டைக் கிழிக்காமல் அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்ப்பது மாவு அரைக்கும் எங்கள் நாகம்மாளின் வழக்கம். சீட்டு இருக்கும், தோசை வராது. அதைக் கண்ட அன்று டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். செல்லிலும் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று சீட்டின்மேல் இப்படித்தான் உட்கார்ந்துகொள்ளுமாம். காஸ் தீரும் நேரம் நாங்கள் மற்றதை நிறுத்தி அவசரச் சீட்டை மட்டும் பார்ப்போமே, அதுவும் அங்கே உண்டாம். என் கடை முறையை உலகத்து உயிரெல்லாம் பின்பற்றுவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ரவிச்சந்திரனுக்குத்தான் இந்தக் கதையெல்லாம் ஆகாது. ‘கைடுல இருக்கறதைச் சொல்லுங்க மேடம். ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். பசங்களுக்கு ஏறலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்.’ ஏற்கெனவே இரண்டு சென்டரில் வேலை போனவர் டீச்சர்.

ஞாயிறன்று பதினாறு பிள்ளைகளையும் கீழே இறக்கி, என் சன்னல் முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். ரவிச்சந்திரன் ஓரமாய் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சொன்னார்.

பாடம் முடிந்தது. ரோஸ்ட் வரவில்லை. ‘யோவ் மாஸ்டர், என் சீட்டைக் கிழிச்சுட்டியா?’ என்று கத்தினார்.

அண்டாவில் மாவு கழுத்துவரை இருந்தது. நாகம்மாளும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

லாவண்யா என்ற பெண் சன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். ‘சீட்டு பத்திரமா கீது சார். மேல டம்ளர் குந்திகினு கீது. அத்த எடுத்தா புரதம் வந்துரும்!’

பின்னாலிருந்து சரண்: ‘சிலிண்டர் காலின்னா அப்பவும் வராது சார்! அவசரச் சீட்டுக்குத்தான் மொதல்ல!’

ரவிச்சந்திரன் கோபப்படத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. ‘அடுத்த பாடத்தையும் நீங்களே எடுங்க மேடம்.’

டீச்சர் சன்னலுக்குப் போய், இரண்டு விரலால் அந்த டம்ளரைத் தூக்கினார்.