வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐந்து

பேத்திக்கு வீரபாண்டி கோயிலில் வைத்துக் காது குத்த, வைகாசியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்திருந்தோம். மூன்று வயதுவரை தள்ளிப்போனதற்குக் காரணம் தாய்மாமன். என் மகன் பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறான். தம்பி மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துவதில்லை என்று என் மகள் ஏற்கெனவே இரண்டு முறை நாளை மாற்றியிருந்தாள்.

டிக்கெட் எடுத்த அன்றே மகன் போனில் சொன்ன நேரத்தை டைரியில் எழுதினேன். சென்னை வருகை, வெள்ளி இரவு 12.05. நேர்கோட்டில் ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம். அதன் கீழேயே சென்னை–தேனி: ஐந்நூறு கிலோமீட்டர், காரில் எட்டு மணி நேரம். இரண்டையும் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. சனிக்கிழமை பத்தரைக்கு மேல்தான் முகூர்த்தம். தாராளமாக வந்துவிடுவான் என்று வெள்ளி இரவுக்குக் காரும் பேசி வைத்தேன்.

வியாழன் மாலை சம்பந்தியம்மா போன் செய்தார்.

"அண்ணே, ஆசாரிக்குப் பதினோரு மணிக்குப் பெரியகுளத்துல வேற காதுகுத்தாம். ராகுகாலத்துக்கு முன்ன, எட்டரைக்குள்ள முடிச்சிருவோம்ங்கிறாக."

எட்டரைக்கு மகன் திண்டுக்கல்லைத் தாண்டியிருந்தால் பெரிது. அவனை அழைத்தேன், போன் அணைந்திருந்தது. விடிய விடிய அழைத்தும் அப்படியே.

"உங்க தம்பி மகன் இங்கனதான இருக்காக. அவுகளும் மாமந்தான?" என்றார் சம்பந்தியம்மா, வெள்ளி காலையில். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்ட என் மகள், பிள்ளைக்கு எடுத்த பட்டுப்பாவாடையை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

மதியம் ஒன்றே கால் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அப்பா, தேனி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். டீக்கடைக்காரர் போன் இது. கார் அனுப்புறேன்னீக, ஒரு ஈ காக்காயக் காணோம்?"

"எலே, நீ நாளைக்குத்தான வரணும்?"

"வெள்ளிக்கிழம பன்னெண்டு அஞ்சுன்னு சொன்னேனா இல்லையா? இன்னிக்கு என்ன கெழம?"

சார்ஜரைப் பிராங்க்பர்ட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறான், போன் அணைந்துவிட்டது. விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் காரைத் தேடிவிட்டு, நடுராத்திரியில் எங்களை எழுப்ப மனமில்லாமல் பஸ் பிடித்து, மதுரையில் மாறி வந்திருக்கிறான்.

தப்பு என்னுடையதுதான். எங்கள் வீட்டில் விடிந்தால்தான் அடுத்த நாள். என் மகள் பிறந்தது அதிகாலை இரண்டு மணிக்கு. அவள் ஜாதகத்தில் முந்தின கிழமையைத்தான் எழுதியிருக்கிறோம். அதே பழக்கத்தில், மகன் சொல்லாத 'இரவு' என்ற சொல்லை நானே சேர்த்து எழுதியிருக்கிறேன். விமானக்காரர்களுக்கு வியாழன் நடுராத்திரியிலேயே வெள்ளிக்கிழமை பிறந்துவிடுகிறது.

"இருபத்து நாலு மணி நேரத்த முழுங்கிட்டு உக்காந்திருக்காரு, டைரி எழுதுற மனுசன்!" என்றாள் என் மனைவி. வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

போனில் மட்டுமே பார்த்திருந்த மாமனை நேரில் கண்டதும் பேத்தி அலறிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடினாள். சாயங்காலம் எட்டிப் பார்த்தாள். சாப்பிடும்போது அவன் தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்தாள். படுக்கும் நேரத்தில் அவன் மடியில் இருந்தாள். அவன் சனிக்கிழமை காலையில் வந்து இறங்கியிருந்தால், நேரத்துக்கே வந்திருந்தாலும், அந்த மடியில் யாரை உட்கார வைத்திருப்போம்?

மறுநாள் காலை எட்டே காலுக்கு ஆசாரி இரண்டாவது காதையும் குத்தி முடித்தார். அவள் கத்திய கத்தலில் கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் மாமன் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.