தோகைக்கு ஜரிகை கேட்டவள்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பின் கூரைமேல் ஒரு மயிலை ஏற்றி வைப்பதென்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தபோது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தோம். உடம்புக்குத் தண்ணீர் பாட்டில்கள், கழுத்துக்கு சைக்கிள் டியூப், கண்ணுக்கு உடைந்த பைக் விளக்கு. எல்லாம் குப்பையில் பொறுக்கியவை. தோகைக்கு மட்டும் ஜரிகைதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். நெசவு வீட்டுத் தோழி, தறியில் வெட்டிப்போட்ட மலிவு ஜரிகையை இரண்டு பை நிறையக் கொண்டுவந்தாள். செம்புக் கம்பி சுற்றிய நூல் அது. செம்பில் மின்சாரம் பாயும் என்று நாங்கள் பரீட்சையே எழுதியிருந்தோம். ஆனாலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்ட ஈரத்தில் மயிலை ஏற்றினோம். எங்களில் உயரமானவன் கூரைமேல் நின்று தோகையை இழுத்தான். வழுக்காமல் இருக்க ஜரிகைக் கற்றையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் ஏணியின் மேல்படியில் இருந்தேன்.

காற்று திரும்பியது. ஓர் இழை மட்டும் தோகையிலிருந்து கழன்று மேலே போய், கூரைக்கு மேலே ஓடும் இரண்டு கரண்ட் கம்பிகளையும் ஒருசேரத் தொட்டது. 'சட்' என்று நீலமாக ஒரு பொறி. இழை கருகி விழுந்தது. மற்ற இழைகள் கம்பிக்கு ஒரு முழம் கீழே அலைந்துகொண்டிருந்தன. அவற்றின் மறுமுனை அவன் கையில்.

"கைய உருவ முடியல," என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "இறுக்கிக்கினு இருக்குது."

"அப்படியே உக்காருடா. கைய தூக்காத," என்றேன்.

அவன் மெல்ல உட்கார்ந்து தோகையைத் தொடைக்கடியில் அமுக்கினான். அப்படியும் நான்கைந்து இழைகள் வெளியே பறந்தன. ஒவ்வொரு முறை காற்று வரும்போதும் நான் கண்ணை மூடினேன். மூடிய பிறகு, திறக்க இன்னும் பயமாக இருந்தது. என் காலடியில் ஏணி சுவரில் தடதடத்தது. இறங்கவும் முடியவில்லை. கீழே தோழி, டீக்கடையில் லைன்மேன் நம்பர் கேட்டு வாங்கிப் பேசுவது காதில் விழுந்தது. ஊர்ப் பெயரை மூன்று முறை சொன்னாள்.

டீக்கடை ஃபேன் நின்றது. அதை நம்பி யாரும் அசையவில்லை. லைன்மேன் வண்டியில் வந்து இறங்கி, கரண்ட் இல்லை என்று சொன்ன பிறகுதான் தோழி ஏறினாள். கத்தரிக்கோல் நுழைய இடமில்லை. இழுத்தால் இன்னும் இறுகும். நுனியைத் தேடிப் பிடித்து, தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் அதே விரல்களால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். அவன் மணிக்கட்டில் சிவப்புக் கோடுகள். கீழே வந்ததும் சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்தான்.

லைன்மேன் எங்களைத் திட்டவேயில்லை. ஜரிகையைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவனிடம் போய், ஜரிகை கேட்டது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றான். "கையில சுத்திக்கினது நான்."

மயில் இப்போது பள்ளிச் சுவரோரம் தரையில் நிற்கிறது. தோகை முழுக்க பாட்டில் மூடிகள். அதன் பக்கத்தில் நின்று படம் பிடிக்க வருகிறவர்கள் என்னையும் கூப்பிடுகிறார்கள். போவேன், நிற்பதற்கு முன் தலைக்கு மேல் கம்பி போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.