கதிரின் வௌவாலைப் பார்க்கக் கொல்லிமலை போனது

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கொல்லிமலைக்குப் போய் வந்தேன். ஆகாய கங்கை அருவியில் குளிக்கப் போகவில்லை. அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் போகவில்லை. அவற்றைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், வேண்டியவர்கள் அங்கே படித்துக்கொள்ளுங்கள். நான் போனது, என் மகன் கதிர் மலையில் விட்டுப்போன ஒரு வௌவாலைப் பார்க்க.

கதிர் ஐந்து மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். வயது முப்பத்தொன்று. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் காளப்பநாயக்கன்பட்டி சாதிக்கும் ஒருவர். அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார், கதிரின் நண்பர். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்துவிட்டு, "அப்பா, கதிரோட வௌவால் இன்னும் மலையில நிக்குதுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த வௌவாலால்தான் எனக்கும் என் மகனுக்கும் பேச்சு நின்றது. அதனால் அன்று அவரிடம் மேலே எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து நானே அவர் கடைக்குப் போய்க் கேட்டேன்.

இது உயிருள்ள வௌவால் அல்ல. விதவிதமான பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. இப்போது அதைச் செல்போனில், தெருவில் நடந்துகொண்டே ஆடுகிறார்கள். அதில் ஒரு நீல வௌவால் வரும். சிறிதாக இருக்கும்போது அதற்குக் கண்ணே கிடையாது. வளர்ந்தால் உடம்பெல்லாம் வாயாக ஆகும். இன்னும் வளர்ந்தால் நான்கு இறக்கை முளைக்கும். பழைய விளையாட்டுகளில், வளர்ப்பவர் மேல் அதற்குப் பாசம் வந்தால்தான் அந்த நான்கு இறக்கை வருமாம். குகைக்குள் நுழைந்தால் காலைச் சுற்றும் மலிவான பிராணி என்று ஆடுகிறவர்கள் அலுத்துக்கொள்வார்களாம். கதிர் அதைத்தான் வளர்த்தான்.

சாதிக் சொன்ன விதிமுறை இது. நிஜ ஊரில் இருக்கும் கோயில், சிலை போன்ற சில இடங்களில் விளையாட்டுக்குள் ஒரு கோபுரம் நிற்கும். அங்கே நேரில் போய் நம் பிராணியைக் காவலுக்கு நிறுத்தலாம். யாராவது சண்டை போட்டு வீழ்த்தும் வரை அது அங்கேயே நிற்கும், பக்கத்தில் நம் பெயரும் நிற்கும். நாளாக ஆக அதன் தெம்பு குறையும், விளையாட்டுக்குள் கிடைக்கும் பழத்தைக் கொடுத்தால் திரும்பும். மலையில் வளப்பூர் நாடு என்று சொல்லும் ஊர்ப் பகுதியில், ஒரு கருப்பனார் கோயிலில் கதிர் தன் வௌவாலை நிறுத்தியிருக்கிறான். சிம் கார்டு கொடுக்க மாதம் ஒருமுறை மலைக்குப் போகும் சாதிக் அதற்குப் பழம் கொடுத்து வந்திருக்கிறார். கடையில் இருந்த ஆள் நின்றுவிட்டதால் இரண்டு மாதமாக அவரால் போக முடியவில்லை.

"இனி தாங்காதுங்கப்பா. சனி ஞாயிறுல பைக்குல வாரவங்க ஆராச்சும் தட்டி உட்டுருவாங்க. வாங்க, ஒரு நாள் கடையச் சாத்திட்டு நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம். நானே போய்க்கொள்கிறேன்."

"ஃபோன்ல அந்த வெளையாட்ட ஏத்தித் தரட்டுங்களா?"

"அதையும் நானே கற்றுக்கொள்கிறேன்" என்றேன். எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கவும், இந்தப் பதிவுகளை எழுதவும் அப்படித்தான் கற்றேன். இதையும் கற்றேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டைப் பதினோரு நாள் சுற்றி வந்து இருபத்திரண்டு பிராணிகளைப் பிடித்தேன், அதில் நான்கு அந்தக் கண்ணில்லாத வௌவால். ஐந்தாம் படிக்கு வந்தவுடன் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று அணியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முப்பது வருடம் சங்கத்தில் சிவப்புக் கொடி பிடித்தவன் நான். யோசிக்காமல் சிவப்பைத் தொட்டேன்.

நாமக்கல்லில் காலை 5.40க்குச் செம்மேடு பஸ். ஐம்பத்திரண்டு ரூபாய். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. நான் ஓட்டுநருக்குப் பின் இருக்கையைக் கேட்டு வாங்கினேன். நடத்துநர், "பெரியவருக்கு வாந்தி வருமுங்களா, கவர் தரட்டுங்களா?" என்றார். வராது என்றேன். முப்பதாவது வளைவில் வந்தது. கவரை நீட்டிவிட்டு, "எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது பட்டறை நினைவுதான் வந்தது. கதிர் என் ரீவைண்டிங் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை செய்தான். ஒரு நாள், எரிந்துபோன மோட்டாரோடு ஒரு விவசாயி வாசலில் காத்திருக்க, இவன் ஃபோனை நீட்டிக்கொண்டு தெருவில் வௌவால் பிடித்துக்கொண்டிருந்தான். நான் ஃபோனைப் பிடுங்கி வார்னிஷ் டப்பாவில் போட்டேன். அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுவாரம் செல்போன் டவர் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, சேந்தமங்கலத்தில் தனியாக அறை எடுத்துக்கொண்டான். இரண்டு வருடம் அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேலை நேரத்தில் விளையாடியது தவறு என்று இன்றும் சொல்வேன். ஃபோன் போனாலும் விளையாட்டுக் கணக்கு போகாதாம். புது ஃபோனில் அதே வௌவாலை வைத்திருக்கிறான்.

செம்மேட்டில் 8.10க்கு இறங்கினேன். வளப்பூர் நாட்டுப் பக்கம் போகும் பஸ் 8.45 என்று எழுதியிருந்தது, 9.30க்கு வந்தது. பதினெட்டு ரூபாய், நாற்பது நிமிடம். இறங்கி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். கோயில் சிறியது. முன்னால் வேல் நட்ட மேடை, பக்கத்தில் பெரிய பலா மரம், எதிரே தகரக் கூரை போட்ட டீக்கடை. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், பெயர் செல்லம்மா.

"ஏனுங்க, கோயிலுக்குங்களா? பூசாரி சாயங்காலந்தான் வருவாருங்க."

"இல்லை. ஒரு வௌவாலைப் பார்க்க வந்தேன்."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? இந்தப் பலாவுல பழுக்கறதெல்லாம் அதுங்களுக்குத்தானுங்க. வேணும்னா நாலப் புடிச்சுக்கிட்டுப் போங்க."

ஃபோனைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அட, டவர்காரத் தம்பி வெளையாட்டுங்க இது. மாசம் ரெண்டு தடவ வரும். அந்த மரத்தடியில குக்கிக்கிட்டு இதையே நோண்டிக்கிட்டு இருக்கும். இப்ப ஏனுங்க வாரதில்ல?"

சொன்னேன். நான் யார் என்பதையும் சொன்னேன். ஊற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டாள். "நீங்கதானுங்களா அது" என்றாள். "எங்க மோட்டாரு பொகஞ்சப்ப அந்தத் தம்பிதான் சொல்லுச்சு, 'நாமக்கல்லுல எங்கப்பாகிட்டக் கொண்டு போங்க, அவரு கை பட்டா எந்த மோட்டாரும் ஓடும்'னு. 'நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க'ன்னுச்சுங்க."

போன ஐப்பசியில் கொல்லிமலையிலிருந்து ஒரு எச்.பி. மோட்டார் ஒன்று வந்தது எனக்கு நினைவிருக்கிறது. யார் சொல்லி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் போய் விளையாட்டைத் திறந்தேன். சிக்னல் நான்கு கோடு காட்டியது. கொஞ்ச தூரத்தில் தெரிந்த அந்த டவரும் அவன் பார்த்துக்கொண்டதுதான் என்று செல்லம்மா சொன்னாள். திரையில் மஞ்சள் நிறத்தில் கோபுரம் நின்றது. உச்சியில் பெரிய வாயோடு நீல வௌவால் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. தெம்பைக் காட்டும் இதயம் அடிமட்டத்தில் கிடந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பொம்மை ஆள், கீழே பெயர். ஆங்கிலத்தில் எம் போட்டு, கதிர் என்று எழுதி, பிறந்த வருடமும் சேர்த்திருந்தான். எம் என் பெயரின் முதல் எழுத்து. முத்துசாமியின் எம். விளையாட்டில் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். என்னோடு பேசாத இரண்டு வருடமும் அவன் அந்த எம்மை நீக்கவில்லை.

பழம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். விளையாட்டில் எனக்குள்ள பையில் பதினான்கு பழம் சேர்த்து வைத்திருந்தேன். கொடுக்கும் இடம் எங்கும் இல்லை. மூலையில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அடுத்த திரையில் பழம் வரும் என்று நினைத்து அதைத் தொட்டேன். என் பிராணிகளில் ஆறு வரிசையாக வந்தன. சண்டை தொடங்கிவிட்டது.

நிறுத்த வேண்டும் என்று திரையைத் தொட்டேன். என் பிராணி வௌவாலை அடித்தது. மறுபடி தொட்டேன், மறுபடி அடித்தது. எனக்குப் புரியவில்லை. அந்த விளையாட்டில் தொட்டால் அடி. நிறுத்து நிறுத்து என்று நான் தொட்ட ஒவ்வொன்றும் அதன் மேல் அடியாக விழுந்தது. தெம்பில்லாத வௌவால், ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கோபுரம் சாம்பல் நிறமாகி வெறுமையாக நின்றது. தொப்பி போட்ட பொம்மையும் இல்லை, பெயரும் இல்லை. "நீங்கள் வென்றீர்கள்" என்ற பொருளில் ஏதோ வந்தது.

சாதிக்கைக் கூப்பிட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எந்தக் கலருங்கப்பா எடுத்தீங்க?" என்றார்.

"சிவப்பு."

"கதிரும் நானும் மஞ்சளுங்க. ஒரே கலருக்காரங்கதான் பழம் குடுக்க முடியும். மத்தவங்க சண்டைதாம் போட முடியுமுங்க. நான் சொல்லியிருக்கோணும்."

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். அந்த வார்த்தையை நான் அதிகம் சொல்லிப் பழகியவன் இல்லை.

"அது சாகலீங்கப்பா" என்றார் சாதிக். "தோத்துட்டா திரும்பி வளத்தவங்ககிட்டப் போயிரும். கதிர்கிட்டப் போயிருச்சுங்க."

அவனுடைய ஃபோன் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அதை நான் சாதிக்கிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும்.

செல்லம்மா ஆறிப்போன டீயை மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். "மொகம் ஏனுங்க இப்படி இருக்குது? வௌவால் போயிருச்சுங்களா?"

"நான்தான் விரட்டிவிட்டேன்."

"போனா சாயங்காலம் வந்துரும். பழம் இங்கதான இருக்குது" என்றாள். அவள் மரத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

பதினொன்றேகால் மணிக்கு, வெறும் கோபுரத்தில் உங்கள் பிராணி எதையாவது நிறுத்துகிறீர்களா என்று ஃபோன் கேட்டது. மூடி வைத்துவிட்டேன். செம்மேட்டுக்குத் திரும்பும் பஸ் 1.20க்குத்தான். அதுவரை பலா மரத்தடியில், அவன் உட்கார்ந்த இடம் என்று அவள் காட்டிய வேரில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு எழுந்து போய், நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நான் பிடித்த கண்ணில்லாத சின்ன வௌவால் ஒன்றை அங்கே நிறுத்தினேன். கோபுரம் சிவப்பானது. பொம்மைக்குத் தொப்பி போடத் தெரியாததால் என் ஆள் மொட்டைத் தலையோடு நிற்கிறான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுங்கள். செம்மேட்டுக்கு மேல் பஸ் நேரத்தை நம்பாதீர்கள், கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வளப்பூர் நாட்டுப் பக்கம் சாப்பாட்டுக் கடை கிடையாது, செல்லம்மாவிடம் டீயும் வடையும் உண்டு. பணத்தைச் சில்லறையாக மாற்றி எடுத்துப் போங்கள். விளையாடத் தெரியாதவர்கள், தெரிந்தவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

அணி நிறத்தை மாற்ற வழி இருக்கிறது என்று சாதிக் இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் மாற்றப்போவதில்லை. நீங்கள் சிவப்பானால், அந்தச் சின்ன வௌவாலுக்கு ஒரு பழம் கொடுங்கள். வேறு நிறமானால் அடித்துத் தள்ளுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். அது என்னிடம் திரும்பி வரும். என் ஃபோன் திறந்துதான் இருக்கிறது.