ஐந்தாவது சீட்டு

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நான் நம்பித்தான் ஆக வேண்டும். சீட்டுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

பேய் என்றால் இரவு பன்னிரண்டு மணி என்பார்கள். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தது. பிரியாணி செரித்துக்கொண்டிருக்கும் நேரம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தங்கசாமி அண்ணன் வீட்டு மாடியில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். பெயர் ‘விளிம்பு சினிமா ஆய்வு வட்டம்’. பார்ப்பதெல்லாம் வெளிநாட்டுப் பழைய மலிவுப் பேய்ப் படங்கள். தக்காளிச் சாறு ரத்தம், துணி போதாத நடிகைகள். தனியாகப் பார்த்தால் அசிங்கம். நான்கு பேர் சேர்ந்து பார்த்து மதிப்பெண் போட்டால் ஆய்வு. தங்கசாமி அண்ணனுக்கு போர்வெல் ரிக் தொழில். தமீமுக்கு ஜவுளிக் கடை. கவின் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் அவனுக்குத் தோட்டமும் ஒரு பழைய கிணறும் உண்டு. நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார், வட்டத்தின் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே ஒத்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஒரு வரிக் கருத்து. பெயர் எழுதக் கூடாது. எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். சீட்டுக்கான தாளை அண்ணன் மனைவி சௌந்திரம் அக்கா கொடுப்பார்: தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்கள். பின்பக்கம் வெள்ளை. நான் வாசித்துவிட்டு எதிர்கால ஆய்வாளர்களுக்காகப் பையில் பத்திரப்படுத்துவேன். முன்பக்கத்தை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

மே 25. படத்தில் ஒரு பெண் ஏரியில் விழுந்து நான்கு நிமிடம் கத்திக்கொண்டே மூழ்கினாள். “மரணத்தின் கவிதை” என்று எழுதி நான்கு போட்டேன். டப்பாவைத் திறந்தேன். ஐந்து சீட்டு இருந்தது.

ஐந்தாவதில், அவசரமில்லாத நேரான கையெழுத்து.

‘0. மூழ்குபவர் கத்த மாட்டார்.’

சிரித்தோம். யாரோ இரண்டு முறை போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

ஜூன் 1. பாலைவனத்தில் பிணங்கள் எழுந்து நடக்கும் படம். மறுபடியும் ஐந்து சீட்டு.

‘0. கை தண்ணீருக்கு மேலே வராது.’

அந்தப் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

ஜூன் 8. பனிமலைப் படம்.

‘0. படியில் பாசி இருக்கும்.’

அப்போது எனக்குள் இருந்த துப்பறிவாளர் விழித்துக்கொண்டார். நான்கு பேரில் படி வைத்த கிணறு யாரிடம் இருக்கிறது? கவினிடம்.

“விளையாட்டு போதும் கவின்.”

“சார், எங்க அம்மா மேல சத்தியமா நான் எழுதலைங்க.”

“பாசி புடிச்ச கெணறு எனக்கா இருக்குது?” என்றார் அண்ணன். “நானெல்லாம் ஆயிரம் அடி போர்க்காரன்.”

கவினுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்களோடு உட்கார்ந்து பார்ப்பதைப் பெரிய மரியாதையாக நினைத்தவன் அவன் ஒருவன்தான். “அடுத்த ஞாயித்துக்கெழம நான் வரலைங்க. தோட்டத்துல வேல பாக்கறேன். அப்பயும் சீட்டு வந்தா?”

“வந்தா உனக்கு அஞ்சுக்கு அஞ்சு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 15. மதியம் 2.50. மாடிப்படி ஏறும்போது சௌந்திரம் அக்கா நிறுத்தினார்.

“ஏனுங்க, காலண்டர்ல இன்னிக்குத் தாளே இல்லைங்க. பதினாலுக்கு அப்பறம் பதினாறு இருக்குது.”

“ஓசிக் காலண்டர். அப்படித்தான் இருக்கும்” என்றார் அண்ணன்.

3.00. படம் போட்டோம்.

3.12. கரண்ட் போனது. ஜன்னலில் கனமான கறுப்புத் திரை. கும்மிருட்டு.

க்ளக்... க்ளக்...

“யாரு தண்ணி குடிக்கிறது?” என்றார் தமீம்.

யாரும் குடிக்கவில்லை.

க்ளக்... க்ளக்... க்ளக்...

எங்கள் மூவருக்கும் நடுவில். டப்பா இருந்த இடத்தில்.

பிறகு அதுவும் நின்றது.

3.19. கரண்ட் வந்தது. டப்பாவைத் திறந்தேன். நாங்கள் யாரும் இன்னும் எழுதவே இல்லை.

உள்ளே ஒரு சீட்டு.

‘5. இப்படித்தான்.’

கவினுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. மறுபடி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது...

4.05. என் போன் ஒலித்தது. கவினின் மனைவி தனப்பிரியா.

“அண்ணா... மூணு மணிக்கு மேல மோட்டார் நின்னுபோச்சுங்க. பாத்துட்டு வாரேன்னு கெணத்துல எறங்குனாரு. படியில வழுக்கிருச்சுங்கண்ணா. நான் மேலயேதான் இருந்தேன். ஒரு சத்தங்கூட... ஒரு சத்தங்கூடக் கேக்கலீங்களே...”

கவினின் காரியம் முடிந்த பிறகுதான் அந்த நான்கு சீட்டுகளையும் எடுத்து முதல் முறையாகத் திருப்பினேன்.

முதல் சீட்டு. ஜூன் 15, ஞாயிறு.

இரண்டாவது. ஜூன் 15.

மூன்றாவது. ஜூன் 15.

ஒரு காலண்டரில் ஒரு நாளுக்கு ஒரு தாள்தான். முதல் சீட்டு எழுதப்பட்டது மே 25. கவின் அன்று எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நான்காவதைத் திருப்பினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு.

வட்டத்தைக் கலைத்துவிட்டேன். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டேன். மரணத்துக்கு மதிப்பெண் போட்டு வந்த தலைவர் இப்போது அரை வாளித் தண்ணீரில், கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிறார்.

இன்று ஜூலை 28. காலை 9.40. மனம் கேட்காமல் சௌந்திரம் அக்காவுக்குப் போன் செய்தேன். காலண்டரில் ஆகஸ்ட் 3 இருக்கிறதா, பாருங்கள் என்றேன்.

தாள் புரளும் சத்தம்.

நின்றது.

“ரெண்டுக்கு அப்பறம் நாலுதானுங்க இருக்குது.”

எல்லாவற்றையும் சொன்னேன். அன்று தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் என்று கெஞ்சினேன். போனை அண்ணன் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரே சிரிப்பு.

“பேய்ப் படம் பாத்துப் பாத்து மூளை கொழம்பிப் போச்சுங்க உங்களுக்கு. பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துக்குப் போகாம இருக்க முடியுங்களா? தமீம் பாயும் வாராரு. காருல ஒரு எடம் இருக்குது. நீங்களும் வாங்க.”

வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று கவினும் வரவில்லைதான்.