பார்த்த மாதிரி இருந்தது

ரெங்கம்மாள் எதையும் அடித்துச் சொல்லமாட்டாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே, “தண்ணி வந்துருச்சு போலருக்கு” என்பாள். தன் வீட்டு மாடு கன்று போட்டதைச் சொல்ல வந்தாலும், “கன்னு போட்டுருச்சு போலருக்கு” என்றுதான் வாயில் வரும். பூம்புகாருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய நடுப்படுகை கிராமத்தில் அவள் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் பேசினார்கள். பண்ணையார் களத்தில் கூலிவேலை பார்த்த காலத்தில், நெல் நனைந்துவிட்டது என்று சொன்னால் அது பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர்மேல் குற்றம் சொன்னதாகிவிடும். நனைந்த மாதிரி தெரிகிறது என்றால் பணிவு. பண்ணையார் காலம் போய், அவளுக்கும் புருஷன் கண்ணுசாமிக்கும் அரை ஏக்கர் சொந்தமான பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை.

அவள் தம்பி பஞ்சநதம் வேறு மாதிரி. மாயவரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவன். தாலுகா ஆபீசில் அவன் வாயைத் திறந்தால் குமாஸ்தா நிமிர்ந்து உட்காருவார். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ரெங்கம்மாள். யாராவது அவள் பேச்சைக் கேலி செய்தால் அவனுக்குப் பொறுக்காது. “எங்கக்கா போலருக்குன்னு சொன்னா, நடந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம்” என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

தொண்ணூற்று நான்கில் வெளியூர்க் கம்பெனி ஒன்று ஊருக்குக் கிழக்கே இறால் பண்ணை போட்டது. ஜப்பானுக்கு ஏற்றுமதி, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்றார்கள். மறு வருஷம் சம்பா நட்டுப் பச்சை பிடிப்பதற்குள் பயிர் நுனி கருகியது. வாய்க்கால் தண்ணீரை வாயில் வைத்தால் கரித்தது. பண்ணையின் கழிவுத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக வாய்க்காலில் விடுகிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தேகம். கண்ணால் பார்த்தவள் ரெங்கம்மாள் ஒருத்திதான். விடியலில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவள், பண்ணை மேனேஜர் கரைமேல் நிற்க, காவல்காரன் மதகுப் பலகையைத் தூக்குவதைப் பார்த்தாள். நுரை தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

அரிவாளைக்கூடக் கீழே வைக்காமல் தம்பி வீட்டுக்கு ஓடிச் சொன்னாள். அவன்தான் மனு எழுதி, ஊராரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினான். விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்ததும் அக்காவுக்குத் தைரியம் சொன்னான். தான் பக்கத்திலேயே இருப்பதாகவும், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும் என்றும் சொன்னான்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊரே வாசலில் நின்றது. மேனேஜர் முதலில் பேசினார். பண்ணைத் தண்ணீர் அந்த வாய்க்கால் பக்கமே வராது, நூறு சதவீதம் உறுதி என்றார். அடுத்து ரெங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். கை கூப்பியவள் அதிகாரியின் முகம் பார்க்காமல் தம்பி பக்கம் ஒதுங்கி நின்றாள். தம்பியே கேட்கட்டும் என்றார் அதிகாரி.

பஞ்சநதம் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “அக்கா, நீ மேனேஜரப் பாத்தியா, இல்ல பாத்த மாதிரி இருந்துச்சா?”

“பாத்த மாதிரிதாங்க இருந்துச்சு. பலகையத் தூக்குனாங்க போலருக்கு.”

அதிகாரி காகிதத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். “நிச்சயமாத் தெரியுமாம்மா, தெரியாதா?”

“நான் என்னத்தங்க கண்டேன்” என்று அவளையறியாமல் வந்துவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா பேச்சுக்கு ஊரெல்லாம் அர்த்தம் சொல்லுவானே, அதை இப்போது அதிகாரியிடமும் சொல்லுவான் என்று காத்திருந்தாள்.

பஞ்சநதம் சொன்னான்: “அக்காவுக்குச் சரியாத் தெரியல போலருக்கு சார்.”

‘போலருக்கு’ என்பதை அவன் அதுவரை தன் சொந்தப் பேச்சாகப் பேசி அவள் கேட்டதில்லை.

சாட்சி உறுதியாக இல்லை என்று விசாரணை முடிந்தது. தம்பி கூட்டத்தில் பதறியிருப்பான் என்றுதான் அவள் கண்ணுசாமியிடம் சொன்னாள். தை மாதம் பஞ்சநதத்தின் மகன் இனியவன் குவைத்துக்குக் கிளம்பினான். அத்தை கையால் திருநீறு பூசவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். போனால், வாசலில் பண்ணை ஜீப் நின்றது. உள்ளே மேனேஜர் இலைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இறால் கம்பெனி முதலாளியின் மைத்துனர்தான் குவைத்தில் இனியவனை வேலைக்கு எடுத்திருக்கிறார் என்று தம்பி பெண்டாட்டி சந்தோஷமாகச் சொன்னாள். ரெங்கம்மாள் இனியவன் நெற்றியில் திருநீறு பூசினாள். அவன் காலில் விழுந்தபோது தலையைத் தொட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்து, படியில் உட்கார்ந்து அழுதாள்.

அரை ஏக்கர் உப்புப் பூத்துப் போனது. ஊரில் பலரையும்போல அவர்களும் திருப்பூர் போனார்கள். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை பார்க்கும் வேலை. அங்கே அவள் பேச்சு மாறியது. ஓட்டை இருந்தால் இருக்கிறது என்பாள், இல்லையென்றால் இல்லை. சூப்பர்வைசர்கள் அவள் சொன்னால் மறுபடி பார்க்கமாட்டார்கள். கண்ணுசாமிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட இப்போது ஒரே சொல்லில் பதில் வருகிறது, பக்கத்தில் யாரோ வேற்றாள் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்று ஒருநாள் அவளிடமே சொன்னார்.

சில வருஷம் கழித்துப் பஞ்சநதம் திருப்பூருக்கு வந்தான். இறாலுக்கு நோய் விழுந்து பண்ணையை மூடிவிட்டுப் போய்விட்டார்களாம். இனியவனுக்குக் கல்யாணம், அத்தை இல்லாமல் எப்படி என்றான். அவள் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் அவன் விசாரணைப் பேச்சை எடுத்தான்.

“நான் ஒன்னும் பொய் சொல்லலக்கா. நீ பேசுனதத்தானே திருப்பிச் சொன்னேன்.”

“நான் எப்படிப் பேசுவேன்னு உனக்குத் தெரியும். அந்த ஆபீசருக்குத் தெரியாது.”

“புள்ள வாழ்க்கைக்கா அது.”

“எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அங்க வந்தே இருக்கமாட்டேன். ஊருக்கு முன்னால என்னய நிக்க வச்சிட்டியே.”

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். கண்ணுசாமிதான் அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனார். அவர் திரும்பி வரும்வரை ரெங்கம்மாள் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“உக்கார எடம் கெடச்சுதா அவனுக்கு?” என்று கேட்டாள்.

ஜன்னலோரம் கிடைத்தது என்றார். அவள் எழுந்து, அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.